மேப் ஃபைலுக்குள் படம் கிடையாது: பழைய கேம் லெவல்கள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

பழைய கேம்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் கோயமுத்தூர், திருப்பூர் பக்கத்துப் பசங்களிடம் மூன்று வாக்கியங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். "மேப் ஃபைல் கரப்ட் ஆயிருச்சுங்ணா." "டாட் மேப்னுதானே முடியுது, எந்த மேப் எடிட்டர்ல போட்டாலும் திறக்கும்." "பழைய ஃபார்மட்டுங்க, கன்வெர்ட் பண்ணிட்டா வேலை முடிஞ்சுது."

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே மேப் ஃபைலை ஒரு படம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு. அந்த நினைப்பை முதலில் கழற்றி வைத்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், பெருக்கல் போதும்.

தறியும் அட்டையும்

சென்னிமலையிலோ சிறுமுகையிலோ ஜக்கார்டு தறி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். தறிக்கு மேலே கோவையாகத் தொங்கும் அட்டைகளில் பூவும் இருக்காது, மயிலும் இருக்காது. வெறும் ஓட்டைகள்தான். ஓட்டை உள்ள இடத்தில் கொக்கி பாவு நூலைத் தூக்கும். இல்லாத இடத்தில் தூக்காது. அந்த வரிசையில் ஊடை ஓடி ஓடி, துணியில் மயில் வந்து நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நூல் என்ன நிறம் என்பது அட்டைக்குத் தெரியாது. அதே அட்டையில் சிவப்புப் பாவு போட்டால் சிவப்பு மயில், பச்சைப் பாவு போட்டால் பச்சை மயில். அடுத்தது, 240 கொக்கிக்குக் குத்திய அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்ட முடியாது. அட்டையில் ஒரு பழுதும் இருக்காது, பெட்டிதான் வேறு.

கேமின் மேப் ஃபைல் அந்த அட்டை. கேம் புரோகிராம் தறி. சுவர், செங்கல், மேகம் என்று தனியாகச் சேமித்து வைத்திருக்கும் படங்கள் நூல். மூன்றும் சேர்ந்து ஓடினால்தான் திரையில் லெவல் தெரியும்.

நான்கு சொற்கள்

லெவல் என்றால் ஆட்டத்தின் ஒரு கட்டம். மேப் என்றால் அந்தக் கட்டத்தில் எது எங்கே இருக்கிறது என்ற விவரம். பைட் என்பது 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண்ணைப் பிடித்து வைக்கும் சின்ன இடம். ஃபார்மட் என்பது இந்த பைட்டுகளை எந்த வரிசையில், என்ன அர்த்தத்தில் படிக்க வேண்டும் என்ற ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தம் ஃபைலுக்குள் எழுதப்பட்டிருக்காது, படிக்கிற புரோகிராமுக்குள்தான் இருக்கும். பெரும்பாலான குழப்பம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

கேசட் காலம்: இடமே இல்லாத இடத்தில் லெவல்

நம் ஊரில் தொண்ணூறுகளில் டிவி கேம் என்று விற்றவை பெரும்பாலும் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் இயந்திரத்தின் நகல்கள். மஞ்சள், சிவப்பு கேசட்டுகளில் சூப்பர் மேரியோ இல்லாத வீடு அபூர்வம். 1985இல் வந்த அந்த கேம் மொத்தமும் 40 கிலோபைட். அதாவது 40,960 பைட். இன்று வாட்சப்பில் வரும் குட் மார்னிங் படம் ஒன்றே இதைவிடப் பெரிது.

அந்த இயந்திரத்தின் திரை அகலத்தில் 256 புள்ளி, உயரத்தில் 240 புள்ளி. ஒரு திரையைப் புள்ளி புள்ளியாகப் படமாக வைத்தால், புள்ளிக்கு நான்கே நிறம் என்று சிக்கனமாகக் கணக்குப் போட்டாலும் 15,360 பைட் ஆகும். இரண்டு திரைக்கே கேசட்டில் முக்கால்வாசி இடம் போய்விடும். மேரியோவில் 32 லெவல். ஒவ்வொன்றும் பல திரை நீளம்.

எனவே டைல் வந்தது. டைல் என்பது திரும்பத் திரும்பப் பயன்படும் சிறு சதுரப் படம். இங்கே 8க்கு 8 புள்ளி. திரை 32 டைல் அகலம், 30 டைல் உயரம். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனாம் நம்பர் டைல் என்று எழுதினால் 960 பைட், எந்தப் பகுதிக்கு எந்த நிறத் தொகுப்பு என்று சொல்ல 64 பைட், ஆக 1,024. பதினைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

மேரியோவைச் செய்தவர்களுக்கு அதுவும் கட்டுப்படியாகவில்லை. டைல் நம்பர்களை வரிசையாக வைப்பதற்குப் பதிலாகப் பொருட்களின் பட்டியலை வைத்தார்கள். ஒரு குழாயோ செங்கல் வரிசையோ பெரும்பாலும் இரண்டே பைட். முதல் பைட்டை இரண்டாகப் பிரித்து, பாதியில் கிடைமட்ட இடம், பாதியில் உயரம். இரண்டாவது பைட்டில் அது என்ன பொருள், எவ்வளவு நீளம், அடுத்த திரைக்குத் தாண்ட வேண்டுமா என்ற குறிப்பு. தரை அந்தப் பட்டியலில் கட்டம் கட்டமாக இருக்காது. மாற்றச் சொல்லும்வரை ஒரே மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். 253 என்ற எண் வந்தால் பட்டியல் முடிந்தது.

அந்த கேமில் வானத்து மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே வடிவம் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதே டைல்கள், நிறம் மட்டும் வேறு. அட்டையும் நூலும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

இதைவிடக் கஞ்சத்தனமும் உண்டு. 1982இல் அட்டாரி 2600 என்ற டிவி கேம் இயந்திரத்துக்கு வந்த பிட்ஃபால் கேமில் 255 காட்சிகள் இருந்தன, மேப் ஃபைல் என்று ஒன்று இல்லவே இல்லை. டேவிட் கிரேன் எழுதிய சிறு கணக்கு ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணை உண்டாக்கும். அந்த எண்ணின் பிட்டுகளை (பைட்டுக்குள் இருக்கும் 0, 1 என்ற இலக்கங்களை) பார்த்து இங்கே குழி, இங்கே முதலை என்று புரோகிராம் முடிவு செய்யும். "பிட்ஃபால் மேப் ஃபைல் எங்க கிடைக்கும்?" என்று தேடுகிறவருக்கு ஆயுசுக்கும் கிடைக்காது.

இதுவரை வந்ததைத் தொகுத்தால்: பழைய மேப் என்பது படங்களின் நம்பர் பட்டியல், அல்லது பொருட்களின் பட்டியல், அல்லது வெறும் கணக்கு. எது என்பதை அந்த இயந்திரத்தில் எவ்வளவு இடம் இருந்தது என்பதே தீர்மானித்தது.

மைனஸ் ஒன்று உலகம்

மேரியோவில் 1-2 லெவலின் (முதல் உலகத்தின் இரண்டாவது லெவல்) கடைசியில் சுவருக்குள் புகுந்துபோய்க் குழாயில் இறங்கினால் "வேர்ல்டு -1" வரும் என்று பள்ளிக்கூடங்களில் ஓடிய கதை நிஜம்தான். யாரும் ஒளித்து வைத்த ரகசிய லெவல் அல்ல அது. குழாய் எந்த உலகத்துக்குப் போகும் என்று படிக்க வேண்டிய இடத்தில் புரோகிராம் 36 என்ற எண்ணைப் படித்துவிடுகிறது. எட்டே உலகம் உள்ள கேமில் 36ஆவது உலகம்! எழுத்து டைல்களில் 36ஆவது வெற்று இடம். அதனால் திரையில் "36-1" என்று வர வேண்டிய இடத்தில் உலக எண் தெரியாமல் "-1" மட்டும் தெரிகிறது. புரோகிராமோ தயங்கவே இல்லை. பட்டியலின் எல்லையைத் தாண்டிப் போய், அங்கே கிடந்த பைட்டை லெவல் விவரம் என்று எடுத்துக்கொண்டு, முடிவே இல்லாத நீருக்கடி லெவல் ஒன்றைக் காட்டுகிறது.

பைட் எல்லாம் பைட்தான், அதில் மேப் எது மேப் அல்லாதது எது என்று புரோகிராமுக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "கரப்ட்" என்ற சொல்லுக்கு வரும்போது தேவைப்படும்.

வுல்ஃபென்ஸ்டைன்: ஒரு ஃபைலைப் பிரித்துப் பார்ப்போம்

கற்றுக்கொள்ள ஏற்ற ஃபார்மட் எது என்று கேட்டால் நான் 1992 மே மாதம் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி என்ற துப்பாக்கிச் சண்டை கேமைத்தான் சொல்வேன். பார்க்க முப்பரிமாணமாக இருந்தாலும் மேப் பச்சைக் குழந்தைக்கும் புரியும்: 64க்கு 64 கட்டம். அதே கட்டங்கள் அடுக்கடுக்காக வரும். ஓர் அடுக்கைப் பிளேன் என்பார்கள். முதல் பிளேனில் சுவரும் தரையும். இரண்டாவதில் எதிரிகள், சாமான்கள். மூன்றாவது இந்த கேமில் பெரும்பாலும் சும்மா கிடக்கிறது.

ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பைட். முதல் பிளேனில் 1 முதல் 63 வரை என்றால் சுவர். எந்தச் சுவர்ப் படம் என்பதை எண் சொல்லும். 90இலிருந்து கதவுகள். இரண்டாவது பிளேனில் 19 முதல் 22 வரை ஆட்டக்காரர் தொடங்கும் இடம். எண்ணைப் பொறுத்து எந்தத் திசை பார்த்து நிற்பார் என்பது. 98 என்றால் தள்ளினால் நகரும் ரகசியச் சுவர்.

தரைக்கு உள்ள எண்தான் எனக்குப் பிடித்த இடம். கேமில் தரை முழுக்க ஒரே சாம்பல் நிறம். ஆனால் ஃபைலில் ஒவ்வோர் அறைத் தரைக்கும் வெவ்வேறு எண். எதற்கு? காது கேட்பதற்கு. நீங்கள் துப்பாக்கியால் சுட்டால், உங்கள் தரை எண்ணில் நிற்கும் காவலர்களுக்குக் கேட்கும். கதவு திறந்திருந்தால் அந்தப் பக்கத்துத் தரை எண்ணும் இணைந்துகொள்ளும். அங்குள்ளவர்களும் ஓடி வருவார்கள். திரையில் கண்ணுக்கே தெரியாத விஷயம் மேப்பில் எழுதப்பட்டிருக்கிறது. மேப் படமாக இருந்தால் இதை எங்கே வரைவது?

இப்போது இடக் கணக்கு. ஒரு பிளேன் 64 × 64 × 2 = 8,192 பைட். இரண்டு பிளேன், 60 லெவல் என்றால் 9,83,040 பைட். 1.44 எம்பி ஃப்ளாப்பியில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. அதனால் சுருக்கினார்கள். சுருக்கம் என்றால் ஒரே விவரத்தைக் குறைந்த இடத்தில் சொல்வது. மேப்பின் மேல் ஓரத்தில் 64 கட்டமும் ஒரே சுவர் என்று வையுங்கள். 1, 1, 1 என்று 64 முறை எழுதினால் 128 பைட். அதற்குப் பதிலாக மூன்றே எண்: 43981, 64, 1. முதல் எண் "அடுத்து வருவது சுருக்கம்" என்ற அடையாளம். பிறகு எத்தனை முறை. பிறகு எந்த எண். ஆறே பைட்டில் முடிந்தது. இதற்கு மேல் இன்னொரு சுற்றுச் சுருக்கமும் உண்டு. "முன்னால் வந்த துண்டையே இங்கேயும் போட்டுக்கொள்" என்று சொல்கிற வகை. அதை எழுதிய ஜான் கார்மாக் பெயரிலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள். அதன் உள்விவரம் நமக்கு இப்போது வேண்டாம்.

இன்னொரு பொறி. இந்த கேமின் மேப்புகள் ஒரு ஃபைலில் இருக்கும், ஒவ்வொரு லெவலும் அதில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணை வேறொரு ஃபைலில் இருக்கும். கேம்மேப்ஸ், மேப்ஹெட் என்று பெயர். மேலே சொன்ன 43981 என்ற அடையாள எண்கூட மேப்ஹெட் ஃபைலின் முதல் இரண்டு பைட்டில்தான் இருக்கிறது. பெரிய ஃபைலை மட்டும் காப்பி செய்துவிட்டு, "சின்ன ஃபைல்தானே" என்று மற்றதை விட்டுவிட்டால், லெவல்கள் எங்கே பிரிகின்றன என்று கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

முன்னால் எது, பின்னால் எது

43981 என்பது 255ஐவிடப் பெரிய எண். ஒரு பைட்டில் அடங்காது, இரண்டு வேண்டும்: 171 × 256 + 205. இதில் 205ஐ முதலில் எழுதுவதா, 171ஐயா? இந்த வரிசை ஒப்பந்தத்துக்கு எண்டியன் என்று பெயர். இன்டெல் வகைக் கணினிகள் சிறியதை முதலில் எழுதும். பழைய மோட்டோரோலா சிப் கொண்ட மெஷின்கள் பெரியதை முதலில் எழுதும்.

மாற்றிப் படித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 43981, 52651 ஆகிவிடும். புரோகிராம் அடையாளத்தையே கண்டுகொள்ளாது. 64 என்ற எண் 16384 ஆகிவிடும். 64 கட்டச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் பதினாறாயிரத்துச் சொச்சம் கட்டச் சுவர். ஃபைலில் ஒரு பைட்கூடப் பழுது இல்லை, திரையிலோ அலங்கோலம். "கரப்ட்" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

இதுவரை: ஃபைலைச் சரியாகப் படிக்க அளவு, அடுக்கு, சுருக்கம், பைட் வரிசை நான்கும் தெரிய வேண்டும். ஒன்று பிசகினாலும் குப்பைதான் வரும்.

டூம்: கட்டத்தை விட்டுக் கோட்டுக்கு

1993 டிசம்பரில் வந்த டூம் கட்டத்தையே தூக்கி எறிந்தது. அதன் மேப்பில் இருப்பவை புள்ளிகள், புள்ளிகளை இணைக்கும் கோடுகள், கோடுகள் சூழ்ந்த பரப்புகள். ஒரு புள்ளிக்கு 4 பைட்: கிடைமட்டம் 2, செங்குத்து 2. ஒரு கோட்டுக்கு 14 பைட். பரப்புக்கு 26 பைட். அதில் தரை எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம், வெளிச்சம் எவ்வளவு என்பவை உண்டு. ஒரு பரப்புக்கு ஒரு தரை, ஒரு கூரை, அவ்வளவுதான். அதனால்தான் டூமில் ஓர் அறைக்கு மேலே இன்னோர் அறை கட்ட முடியாது. மாடி வீடு கட்டப் பார்த்து மண்டை காய்ந்தவர்கள் ஏராளம். தடை ஃபார்மட்டிலேயே இருக்கிறது.

எதிரிகளும் சாமான்களும் தனிப் பட்டியல், ஒன்றுக்கு 10 பைட்: இடத்துக்கு 4, திசைக்கு 2, வகைக்கு 2, எந்தக் கடினத்தில் தோன்ற வேண்டும் போன்ற குறிப்புகளுக்கு 2. வகை 2001 என்றால் ஷாட்கன், 2035 என்றால் வெடிக்கும் பீப்பாய்.

இவை அனைத்தும் வாட் என்ற ஒரே பெரிய ஃபைலுக்குள். அதன் முதல் 12 பைட் ஹெடர், அதாவது ஃபைலின் தலைப்பகுதி. எத்தனை துண்டுகள், அவற்றின் அட்டவணை எங்கே என்று அது சொல்லும். அட்டவணையில் ஒரு துண்டுக்கு 16 பைட்: எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எட்டெழுத்துப் பெயர். தொண்ணூறுகளில் வந்தவற்றில் இவ்வளவு ஒழுங்கான ஃபார்மட் அபூர்வம். ரசிகர்கள் 1994லேயே சொந்த எடிட்டர் எழுதித் தங்கள் லெவல்களை உலகம் முழுக்கச் சுற்றவிட்டதற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணம்.

எழுதும் ஃபைல் வேறு, ஓடும் ஃபைல் வேறு

டூம் மேப்பில் மனிதர் வரையாத துண்டுகளும் உண்டு. எந்தச் சுவரை முதலில் வரைவது, எதை அது மறைக்கும் என்று ஆட்டத்தின் நடுவே கணக்குப் போட அன்றைய கணினிக்கு நேரம் போதாது. எனவே மேப்பை முன்கூட்டியே இரண்டாக, நான்காக, மேலும் மேலும் வெட்டி, வெட்டிய வரிசையை ஒரு மரமாகச் சேமித்துவிடுவார்கள். இதற்கு பிஎஸ்பி மரம் என்று பெயர். தனிப் புரோகிராம் ஒன்று இதைச் செய்து ஃபைலில் சேர்க்கும்.

1996இல் வந்த குவேக் இதை முழுதாகப் பிரித்துவிட்டது. லெவல் செய்கிறவர் எழுதுவது மேப் ஃபைல்; அது நோட்பேடில் படிக்கக்கூடிய எழுத்து ஃபைல். அதை மூன்று புரோகிராம்கள் வழியே ஓட்டி, மரம் கட்டி, வெளிச்சம் கணக்கிட்டு, எங்கிருந்து எது தெரியும் என்று பார்த்து பிஎஸ்பி ஃபைல் ஆக்குவார்கள். இதற்குக் கம்பைல் செய்வது என்று பெயர். கேமுக்குத் தேவை பிஎஸ்பி மட்டுமே. அன்றைய கம்ப்யூட்டரில் இது மணிக்கணக்கில் ஓடும்.

"பிஎஸ்பிலேர்ந்து மேப்பைத் திரும்ப எடுக்கலாமுங்களா?" என்று கேட்பவர்களுக்கு: ஓரளவு எடுக்கலாம். அறையின் வடிவம் வரும். ஆனால் அதைச் செய்தவர் எந்தெந்தக் கட்டிகளை ஒட்டி அந்தத் தூணை உருவாக்கினார் என்பது கம்பைல் ஆகும்போதே போய்விடுகிறது.

டாட் மேப் என்றால் டாட் மேப்தானா?

குவேக் வந்த அதே 1996இல்தான் டியூக் நியூக்கம் 3டியும் வந்தது. அதன் லெவல் ஃபைலும் டாட் மேப் என்றே முடியும். ஒன்று எழுத்து ஃபைல், மற்றது பைட் ஃபைல். பெயரின் வால் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வாலை நம்பாமல் தலையைப் பாருங்கள். ஹெக்ஸ் எடிட்டர் என்பது ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் கருவி; இலவசமாகக் கிடைக்கும். பெரும்பாலும் பதினாறின் அடிப்படையில் காட்டும், சாதாரண எண்ணாகப் பார்க்கவும் வழி இருக்கும். முதல் நான்கு பைட் 73, 87, 65, 68 என்றால் டூமின் மூல வாட். முதல் எண் 80 ஆகி மற்ற மூன்றும் அப்படியே இருந்தால் ரசிகர் செய்த துணை வாட். 29, 0, 0, 0 என்றால் குவேக் பிஎஸ்பி. 7, 0, 0, 0 என்றால் டியூக் மேப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நெளி அடைப்புக்குறியும் படிக்கக்கூடிய ஆங்கில எழுத்தும் தெரிந்தால் குவேக் வகை மேப். வுல்ஃபென்ஸ்டைனின் மேப்ஹெட் 205, 171 என்று தொடங்கும்.

"கரப்ட்" என்பதும் "கன்வெர்ட்" என்பதும்

ஃபைல் உண்மையிலேயே கெட்டுப்போவது உண்டு. பரணில் பத்துப் பதினைந்து வருஷம் கிடந்த சிடியும் ஃப்ளாப்பியும் சில பைட்டுகளைத் தொலைத்திருக்கலாம். சுருக்கிய ஃபைலில் ஒரு பைட் போனால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் சரியலாம். ஆனால் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் கெட்டுப்போனது என்று தூக்கிப் போடாதீர்கள். கூட இருந்த ஃபைல்களோடு, ஃபோல்டர் பெயரோடு அப்படியே காப்பி எடுத்துவிட்டு, நகலை மட்டும் தொடுங்கள்.

ஃபார்மட் வழக்கொழிந்துவிட்டது என்றால் அதைப் படிக்கும் புரோகிராம் இன்றைய கணினியில் ஓடவில்லை என்று அர்த்தம். வுல்ஃபென்ஸ்டைனின் மூல நிரல் (புரோகிராமர்கள் எழுதிய வடிவம்) 1995இலும் டூமுடையது 1997இலும் குவேக்கினுடையது 1999இலும் பொதுவில் வெளியாயின. அதனால்தான் அவற்றின் மேப்புகளை இன்றும் சிரமமில்லாமல் விளையாட முடிகிறது. மூல நிரல் வெளிவராத கேம்களுக்கு யாராவது பைட் பைட்டாகப் பார்த்து ஒப்பந்தத்தை ஊகித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கன்வெர்ட் செய்வது அப்படியல்ல. இரண்டு தறிகளாலும் செய்ய முடிந்தது மட்டுமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். வுல்ஃபென்ஸ்டைன் மேப்பை டூமுக்கு மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். சுவர்க் கட்டங்களைக் கோடுகளாக்குவது எளிது. காவலர்களை எண் மாற்றி வைத்துவிடலாம். தரை எண்ணுக்கு டூமில் நேரான ஈடு இல்லை. அங்கே சத்தம் பரப்பிலிருந்து பரப்புக்குத் தாவும், ஒலித்தடை என்று குறித்த கோடுகளில் முதலாவதைத் தாண்டிவிடும், இரண்டாவதில் நின்றுவிடும். ஆகவே யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்பதைப் புதிதாக யோசித்து அமைக்க வேண்டும். 98ஆம் எண் ரகசியச் சுவர் அதைவிடச் சிக்கல். வுல்ஃபென்ஸ்டைனில் அதைத் தள்ளினால் பின்னால் இரண்டு கட்டம் நகரும். மூல டூமிலோ பக்கவாட்டில் நகரும் சுவரே கிடையாது. தரையும் கூரையும் மேலும் கீழும்தான் போகும். மாற்றுகிறவர் அந்த இடத்தில் சுவர் மாதிரியே தோற்றமளிக்கும், மேலே ஏறும் கதவு ஒன்றை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான்.